நாய்க்குட்டியைக் குரலுக்கும் கயிற்றுக்கும் பழக்குதல்

களத்தையும் வைக்கோற்போரையும் மாட்டுக்கொட்டிலையும் காக்க ஒரு நாய் வேண்டுமென்று எண்ணாத விவசாயி காவேரி டெல்டாவில் அரியர். அதனைப் பழக்க வேண்டுமென்று எண்ணுபவர் அதனினும் அரியர். உம்பளாச்சேரிக் கன்றை நுகத்திற்குப் பழக்கும்போது, பழகிய மாட்டுடன் இணை சேர்த்து, பல நாள் பொறுமையுடன் நடத்துகிறோம். நாய்க்குட்டியையோ சங்கிலியிற் பூட்டித் தூணில் கட்டிவிட்டு, ஆறு மாதம் சென்றபின், "இது யார் சொல்லையும் கேட்பதில்லை" என்று குறை கூறுகிறோம். கட்டியே கிடந்த குட்டி குரைக்கவும், அஞ்சவும், அஞ்சுவதனாற் கடிக்கவும் கற்றுக்கொள்ளும்.

கட்டாமல் விட்டாலும் கேடுண்டு. அறுவடையான வயல்களில் வாத்து மந்தைகள் மேய்கின்றன. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டுக்கிடை கொண்டுவருகின்றனர். ஒரு முறை வாத்தையோ ஆட்டையோ துரத்திச் சுவை கண்ட குட்டியைத் திருத்துவது கடினம். மந்தைக்காரருக்கு நஷ்டமும், ஊரில் சச்சரவும், நாய்க்குத் தடியடியுமே அதன் பலன். பயிர்க்காலத்திலோ வரப்பு நெடுக எலிக்காகத் தஞ்சாவூர்க் கிட்டி வைத்திருப்போம். அதில் குட்டியின் காலோ மூக்கோ அகப்படலாம். துத்தநாக பாஸ்பைடு கலந்த எலி இரையை அது தின்றுவிட்டால் விஷத்தை முறிக்கும் தனி மருந்து கிடையாது. கால்நடை மருத்துவரிடம் விரைந்து கொண்டு சென்றாலும் பிழைப்பது நிச்சயமன்று. ஆகவே, பெயர் சொன்னவுடன் வரவும், "விடு" என்றவுடன் வாயிலெடுத்ததைப் போடவும் கற்றாலொழிய எந்தக் குட்டியையும் வரப்பில் அவிழ்த்துவிடலாகாது.

நாட்டு நாய்கள் பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையில் குட்டி போடுகின்றன. இரண்டு மாதம் நிரம்புமுன் தாயினின்று பிரிக்க வேண்டா. நிரம்பியபின் தாமதிக்கவும் வேண்டா. ஏனெனில் மூன்றாவது வாரந்தொடங்கிச் சுமார் பன்னிரண்டாவது வாரம் வரையிலுள்ள பருவத்தில் கண்டு பழகிய ஆள், மாடு, டிராக்டர் ஓசை முதலியவற்றுக்குக் குட்டி பின்னர் அஞ்சுவதில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ம் தேதிக்கு முன், வயலும் வரப்பும் காய்ந்து, வேலையும் குறைந்திருக்கும் பங்குனி சித்திரை மாதங்களே நமக்குப் பாடசாலை.

முதலில் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்த்துக்கொள்க. வெண்ணிறமான ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கையில், காற்றோ நிழலோ அதன்மேற் படாதபடி பின்னின்று கைதட்டினால் தெரிந்துவிடும். செவிட்டுக் குட்டியை அடங்காதது என்று அடிப்பது பாவம். அதனைக் கைச்சைகையாற் பழக்கலாம்; ஆனால் கயிறின்றி வெளியே விடலாகாது.

அழைத்தல் முதற்பாடம். வீட்டார் அனைவரும் ஒரே பெயரையும் ஒரே சொல்லையும் வழங்க வேண்டும். தாத்தா "வா" என்றும், பேரன் சீழ்க்கையடித்தும், பண்ணையாள் "ச்சூ" என்றும் அழைத்தால் குட்டி என் செய்யும்? பசியோடிருக்கும் வேளையில் இரண்டடி தூரத்தினின்று அழைத்து, வந்த அந்த க்ஷணத்திலேயே அவித்த முட்டைத் துணுக்கோ உப்பில்லாத மீன் துண்டோ கொடுக்க. வெங்காயம் சேர்ந்த குழம்புச்சோறு நாய்க்கு ஆகாது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும். தாமதித்து வந்தாலும் அடிக்கலாகாது. நாம் ஓடியதற்காக அடித்ததாக நினைக்கிறோம். அது தான் வந்ததற்காக அடிபட்டதாக நினைக்கிறது. பெரும்பாலான நாய்கள் கெடுவது இந்த ஒரு பிழையினாலேயே.

"விடு" என்னும் பாடத்தைச் சிறு தடிக்குச்சியைக் கவ்வச் செய்து தொடங்குக. பிடுங்காமல், அதனினும் சுவையானதை மூக்கருகே காட்டி, வாய் திறக்கும்போது சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். இதனைப் பல இடங்களில் பல பொருள்களைக்கொண்டு பழக்குக. வீட்டில் கேட்கும் குட்டி வரப்பிலும் கேட்கும் என்று நம்பிவிடலாகாது.

கயிற்றுக்கு வருவோம். தேங்காய் நார்க்கயிறு கழுத்தை அறுக்கும். பருத்திக்கயிறு நான்கு முழம் கொள்க. கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர்வதால் வாரந்தோறும் பார்த்துத் தளர்த்துக. முதலிரண்டு நாள் சோறு உண்ணும் வேளையில் பட்டையை மட்டும் அணிவித்தல் நலம். பின்னர்க் கயிற்றைப் பிடிக்காமல், நம் கண்முன் முற்றத்தில் இழுத்துத் திரியவிடுக. அதன்பின் கையிற் பிடித்து நடக்கையில் குட்டி முன்னே இழுத்தால், மரம்போல் நின்றுவிட வேண்டும், பதிலுக்கு இழுக்கலாகாது. கயிறு தளர்ந்தவுடன் நடக்க. இழுத்தால் பயணம் நிற்கும், தளர்த்தினால் நடக்கும் என்பதைச் சில தினங்களில் அது தானே கண்டுகொள்ளும். முதல் வாரத்தில் தெருக்கோடி வரையில் போய் வர அரைமணி ஆகலாம். அவசர வேலையுள்ள நாளில் இதனை மேற்கொள்ளற்க. சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை கண்ணிற்பட்டதைத் துரத்தும் வேட்டையினமாதலால், வயது வந்த பின்னும் மந்தையருகே அவற்றைக் கயிற்றிலேயே நடத்துக.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமுக்குக் கொண்டுவர முடியாத நாய்கள் பல, கயிற்றுக்குப் பழகாதவையே. குட்டிக்கு மூன்று மாதமானதும் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் குறிக்கும் நாட்களில் மறு ஊசிகளும் போட வேண்டும். செப்டம்பர் 28, பாஸ்டர் 1895-ல் காலமான நாள்; அது உலக வெறிநாய்க்கடி ஒழிப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது. அதனையொட்டி முகாம் நடக்குமாயின், ஒரு வாரம் முன்னரே ஊருக்கு அறிவித்து, அனைவரையும் நாயைக் கயிற்றுடன் கொண்டுவரச் சொல்லுக. எவரையேனும் நாய் கடித்தால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ தடவாமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புக.