கோலி சோடா பாட்டிலுக்கு லட்ச ரூபாய் யாரும் தரப்போவதில்லை

மதுராந்தகத்தில் டீக்கடை, காயலான் கடை, கல்யாணப் பந்தி என எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். "பரண்ல பழைய கோலி சோடா பாட்டில் கிடக்கு சார். கண்ணாடிக்குள்ள குமிழ் குமிழா இருக்கு, நிறமும் பச்சை. நூறு வருஷத்துக்கு மேலயாம். வெளிநாட்டுக்காரங்க லட்சக்கணக்குல வாங்குறாங்களாம்." ஆதாரம் கேட்டால் கைப்பேசியில் ஒரு வீடியோவை நீட்டுகிறார்கள். வேதியியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது.

முதலில் குமிழ். மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் மூன்றையும் சேர்த்து உருக்கும்போது கரியமில வாயு கிளம்பும். உலையை வேண்டிய சூட்டில், வேண்டிய நேரம் வைத்திருந்தால் வாயு வெளியேறிக் கண்ணாடி தெளியும். அவசரப்பட்டால் வாயு உள்ளேயே சிக்கிக் குமிழாகும். அவசரப்பட்ட ஆலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பச்சை நிறம் மணலில் கலந்த இரும்பால் வருவது. இரும்பு குறைந்த மணலுக்குச் செலவழிக்காத ஆலையில் போன மாதம் வார்த்த பாட்டிலும் அதே பச்சைதான். குமிழும் பச்சையும் உலையின் தரத்தைச் சொல்லும். வயதைச் சொல்லாது.

அடுத்தது அச்சுக் கோடு. இரண்டு பாதி அச்சுகள் சேருமிடத்தில் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு கோடு விழும். அச்சில் ஊதி வாயை மட்டும் கையால் முடித்த பழைய பாட்டில்களில் அந்தக் கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிடும். மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903 வாக்கில் வந்தது. அது செய்த பாட்டில்களில் கோடு வாய்வரை ஏறும். இந்தச் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் இதை அப்படியே கோலி சோடா பாட்டிலில் போட்டுப் பார்ப்பவர்களைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கோலியை உள்ளே போட்ட பிறகல்லவா வாயைச் சுருக்க முடியும்? ஆகவே இந்த வகைப் பாட்டிலுக்குப் பிற்காலத்திலும் வாயைத் தனியாகச் சூடாக்கித்தான் முடித்தார்கள். கோடு நின்றுபோயிருப்பதை வைத்து அதைப் பழம்பொருள் என்பது அரைகுறைப் படிப்பு.

கோலி பாட்டிலை வடிவமைத்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். சோடாவின் வாயு அழுத்தமே கோலியை மேலே தள்ளி, வாயிலுள்ள ரப்பர் வளையத்தில் இறுக்கி அடைத்துவிடும். கழுத்திலுள்ள பள்ளம், ஊற்றும்போது கோலி திரும்ப வந்து அடைக்காமல் பிடித்துக்கொள்ளும். 1892இல் தகர மூடி வந்தபின் இங்கிலாந்தில் இது மெல்ல மறைந்தது. நம் நாட்டில் மறையவில்லை. உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னியில் அண்மைக்காலம் வரை செய்தார்கள். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி வணிகர்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணித்தபோது தமிழ்நாட்டில் கோலி சோடாவுக்கு மறுபடி மவுசு வந்தது. பரணில் இருப்பது அந்த வருஷத்துப் பாட்டிலாகவும் இருக்கலாம். பரண் தூசு படிய ஒரு கோடை போதும்.

சட்டத்தையும் கவனியுங்கள். நூறு வருஷம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிக்கவில்லை. பாட்டில் அவ்வளவு பழசென்றால் அந்த வெளிநாட்டுக்காரர் அதை எப்படிக் கொண்டுபோவார்? லட்ச ரூபாய் தருகிறேன் என்பவர் கடைசியில் 'பதிவுக் கட்டணம்' என்று உங்களிடம்தான் பணம் கேட்பார். பழைய நாணயம், நோட்டு விஷயத்தில் இதே மோசடி நடந்து, 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

மற்றவை சில்லறை. பாட்டிலின் அடியிலுள்ள எண் பெரும்பாலும் அச்சு எண்தான். 47 என்றிருந்தால் சுதந்திர வருஷம் என்று துள்ள வேண்டாம். நீல பாட்டிலெல்லாம் விஷ பாட்டில் அல்ல. மெக்னீசியா பால் மருந்தே நீல பாட்டிலில்தான் வந்தது. ஊதா நிறம், பச்சையைப் போக்கச் சேர்த்த மாங்கனீசு வெயில் பட்டு மாறியதால் வருவது. காமா கதிரில் வைத்து அடர் ஊதாவாக்கி விற்கிறவர்களும் உண்டு. மண்ணில் கிடந்த பாட்டிலில் வானவில்போல மின்னும் தோல், ஈரம் கண்ணாடியின் காரத்தை அரித்ததன் அடையாளம். அதைக் கம்பி நாரால் தேய்த்துவிடாதீர்கள்.

பிறகு பழைய பாட்டில்களை எதற்குத்தான் சேர்க்கிறார்கள்? பாட்டிலைக் கையில் எடுத்து, புடைத்து நிற்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். டான் ரைலண்ட்ஸ், பார்ன்ஸ்லி என்றிருந்தால் யார்க்‌ஷயரிலிருந்து கப்பலேறி வந்தது. அடி கூம்பிய பாட்டிலை நிறுத்தி வைக்க முடியாது. படுக்க வைத்தால்தான் தக்கை நனைந்தபடி இருந்து வாயு கசியாது. அதற்காகவே அப்படிச் செய்தார்கள். சதுர பாட்டில் டச்சுக்காரர்களின் ஜின்னுக்கானது; மரப்பெட்டியில் இடம் வீணாகாமல் அடுக்கலாம். அதைத் தேடி அந்த டச்சுக்காரர்களின் சதுரங்கப்பட்டினம் கோட்டையில் மண்ணைக் கிளறப் போகாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே தோண்டுவது குற்றம். தோண்டியெடுத்த பாட்டிலுக்கு எந்த அடுக்கில் கிடந்தது என்ற தடயமும் போய்விடும்.

வெள்ளைக்கார பாட்டில்களைவிட எனக்கு முக்கியம், நம் சிற்றூர்களின் சோடா கம்பெனிப் பெயர் பொறித்தவைதான். ஒரு ஊரில் எப்போது சோடாக் கடை வந்தது, யார் நடத்தினார்கள் என்பதை எந்த அரசிதழும் எழுதி வைக்கவில்லை. பல ஊர்களில் மிஞ்சியிருக்கும் ஒரே சான்று அந்தப் புடைப்பெழுத்துதான். அதைத்தான் எடைக்குப் போட்டு உடைக்கிறோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்படி ஒரு பாட்டில் யாரிடமாவது இருந்தால், எழுத்து தெரியும்படி சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். எந்தத் தெருவில், யார் வீட்டில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கழுத்தில் கட்டுங்கள். அந்தக் கடையில் சோடா குடித்த பெரியவர் யாராவது இருந்தால், கடை எங்கே இருந்தது என்று கேட்டு அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.