அடுக்களைக்குள் ஒரு செட்டிநாடு

சமையலறையைச் செட்டிநாட்டுப் பாணியில் மாற்ற ஆசை. ஆனால் வாடகை வீடு, ஆணி அடிக்கக்கூடாது. கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது. முடியுமா? – வாசகி, மதுரை

தாராளமாக. கடைக்குப் போகும் முன் அம்மா வீட்டுப் பரணில் ஏறுங்கள். உழக்கு, பித்தளைச் செம்பு, மர அஞ்சறைப் பெட்டி என்று ஏதாவது தூசியோடு கிடக்கும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்த்தால் போதும்.

மிச்சத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். தேக்குத் தூண் பக்கம் திரும்பாதீர்கள், பர்ஸ் தாங்காது! எனாமல் பாத்திரங்களைத் தேடுங்கள். ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை அவை. பூச்சு பெயர்ந்ததென்றால் அடித்துப் பேசி விலையைக் குறையுங்கள். அதில் சாப்பிட வேண்டாம், மணி பிளான்ட் வையுங்கள். பித்தளை வாங்கப் போகும்போது கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

தரையை மாற்ற முடியாது. ஆத்தங்குடி தரைக்கல் நான்கு மட்டும் வாங்கி, சூடான பாத்திரம் இறக்கிவைக்க மேடையில் போடுங்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் படக்கூடாது, கறை பிடிக்கும்.

ஆணிக்குப் பதில் பழைய மர ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். படிகளில் கொக்கி மாட்டிக் கரண்டிகளைத் தொங்கவிடலாம். காலி செய்யும்போது ஏணியும் கூடவே வந்துவிடும். வீட்டுக்காரரும் அட்வான்ஸில் கை வைக்க முடியாது!