விளம்பரப் படத்தில் பருப்பின் நிறம்



இப்போது பல கடைகளில் வீட்டுப் பிள்ளைகளே கம்ப்யூட்டரில் விளம்பரப் படம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் கடைக்கும் என் பேரன் 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' என்னும் மென்பொருளில் 15 விநாடிப் படம் ஒன்று செய்தான். அனுப்பிய மறுநாளே, நெடுநாளாக நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, பருப்பு இப்படி மஞ்சளா இருக்கே, சாயம் ஏத்தினதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெட்டானில் மஞ்சள் என்பது உணவில் சேர்க்க அனுமதியில்லாத சாயம். துவரம்பருப்பிலும் மஞ்சள்தூளிலும் அதைக் கலப்பவர்கள் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நல்ல பருப்பை வைத்துக்கொண்டு அந்தக் கெட்ட பெயரை நானே தேடிக்கொண்டேன்.

பேரனை உட்காரவைத்து என்ன செய்தாய் என்று விசாரித்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஃபில்டர் என்றால் நமக்குக் காப்பி ஃபில்டர்தான் ஞாபகம் வரும். இங்கே அது படத்தின் மேல் போடுகிற மாற்றம். 'ஹியூ/சாச்சுரேஷன்' என்ற நிற ஃபில்டரில் சாச்சுரேஷனை ஏற்றினால் நிறம் அடர்த்தியாகும். அடியோடு இறக்கினால் கறுப்பு வெள்ளையாகும். ஹியூவை நகர்த்தினால் நிறமே வேறாகிவிடும். பேரன் சாச்சுரேஷனை 40 வரை ஏற்றியிருந்தான். டியூப்லைட் வெளிச்சத்தில் பருப்பு பச்சை படிந்து தெரிந்ததாம். அது உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து வேறு.

படம் எடுக்கும்போதே, அதே வெளிச்சத்தில், சரக்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒருமுறை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு 'கர்வ்ஸ்' ஃபில்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சரிசெய்து, தாள் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதே அளவை மீதிப் படத்துக்கும் போட்டால் பருப்பு தன் சொந்த நிறத்துக்கு வந்துவிடும். ஒரு பிடி பருப்பைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். அது என் யோசனை.

ஃபில்டரை 'அட்ஜஸ்ட்மென்ட் லேயர்' என்பதில் போட்டால் அதற்குக் கீழே உள்ள அடுக்குகள் எல்லாம் மாறும். எங்கள் கடைப் பெயரின் சிவப்பு கெட்டது அப்படித்தான். சரக்குப் படத்தின் மேல் மட்டும் போடச் சொல்லுங்கள்.

உருவத்தை மாற்றும் ஃபில்டர்கள் தனி. 'பல்ஜ்' உப்ப வைக்கும், 'ட்விர்ல்' சுழற்றும், 'வேவ் வார்ப்' அலையாட்டும். கடைப் பெயர் அலையாடி வந்து நிற்பது பார்க்க நன்றாகவே இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கீஃப்ரேம், ஒரு விநாடி கழித்து அளவைப் பூஜ்யமாக்கி இன்னொன்று வைத்தால் போதும். விலையும் எடையும் உள்ள வரியை ஆட்ட வேண்டாம். அரைக் கிலோ பொட்டலத்தை 'பல்ஜ்' போட்டு ஒரு கிலோ போலவும் காட்டலாம். பேரன் விளையாட்டாகக் காட்டினான். உடனே எடுக்கச் சொன்னேன்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளர் மீது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பிறர் தயாரித்த சரக்கில் தன் சொந்த மார்க்கைப் போடுபவரும் அந்தச் சட்டத்தில் உற்பத்தியாளர்தான். சொந்தப் பெயரில் பாக்கெட் போடும் உறுப்பினர்கள் இதைக் கவனிக்கவும்.

திருத்திய படத்தை அந்தச் சில்லறைக் கடைக்காரருக்கே முதலில் அனுப்பினேன். பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை நேரில் வந்தார். மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, ஒரு பிடி அள்ளி வெயிலில் பார்த்த பிறகுதான் சரக்கு ஏற்றினார்.