எரிச்சலைத் தாண்டினால் ருசி

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் ‘பேரல் புரூஃப்’ போர்பன் விஸ்கி குடித்துப் பார்த்தேன். நெருப்பாக எரிந்ததே தவிர, ருசி பிடிபடவில்லை. இதை எப்படித்தான் எடைபோடுவது?

பதில்: அமெரிக்கக் கணக்கில் 120 புரூஃப் என்றால் 60 சதவீத ஆல்கஹால். பீப்பாயில் இருந்ததைத் தண்ணீர் கலந்து இறக்காமல் அப்படியே பாட்டிலில் அடைப்பதுதான் பேரல் புரூஃப். சட்டப்படி 125 புரூஃபுக்கு மேல் போர்பனைப் பீப்பாயில் ஊற்றக் கூடாது. ஆனால் கென்டக்கி கிடங்குகளின் மேல்தளத்து வெக்கையில் தண்ணீர் வேகமாகக் குறைவதால், சில பீப்பாய்கள் 130-ஐயும் தாண்டிவிடும்.

ஊற்றியதும் மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். பத்து நிமிடம் இருக்கட்டும். பிறகு முகவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சற்றே திறந்து முகருங்கள். காட்டம் ஒதுங்கி, வனிலாவும் கருக்கிய சர்க்கரையும் மேலெழும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாய் தந்த மணம் அது. முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டுமே. தீர்ப்பு இரண்டாவது மிடறில்தான்.

அடுத்து தண்ணீர். 60 சதவீத விஸ்கி 30 மில்லிக்கு 6 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 50 சதவீதமாகும். துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். நல்ல சரக்கில் செர்ரி, பட்டை என்று வாசனை விரியும், சுமாரானது வெளிறிப்போகும். எரிச்சல் அடங்கிய பிறகும் ருசி நாக்கில் நிற்கிறதா? அதற்குத்தான் மதிப்பெண், புரூஃப் எண்ணுக்கு அல்ல.

இந்த 30 மில்லி, சாதாரண விஸ்கி 45 மில்லிக்குச் சமம். அளவு முக்கியம்.