பெரும்போகத்தோடு வரும் பறவைகள்

தலவாக்கலைப் பகுதியிலே புரட்டாதி மாதம் பிறந்து, மரக்கறிப் பாத்திகள் பெரும்போகத்துக்கெனக் கொத்தப்படும் வேளையில், அதற்கு முந்திய மாதங்களிற் காணப்படாத ஒரு சிறு பறவை ஓடைக்கரைகளிலும் வடிகால்களிலும் தோன்றும். அதன் முதுகு சாம்பல் நிறமானது, வயிறு மஞ்சளானது, நீண்ட வாலோ ஓயாது மேலுங் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். இதுவே சாம்பல் வாலாட்டி. மண் கிளறப்பட்ட பாத்தியில் மனிதர் நிற்பதையும் பொருட்படுத்தாது ஓடியோடிப் பூச்சி பொறுக்கும் இப்பறவை, பங்குனி, சித்திரை மாதங்களில் மீண்டும் மறைந்துவிடுகிறது. இஃது எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது, இதனாற் கமக்காரருக்கு நன்மையா தீமையா என்பனவற்றை அறிந்துகொள்ளுதல் பயிர்ச்செய்கையாளர் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

வலசை என்பது யாது

பருவந்தோறும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்று, குறித்த காலத்தில் திரும்பி வருதலை வலசை என்பர். முற்காலத்தில் இவ்வுண்மை பலருக்குத் தெரியவில்லை. குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் மறைவதைக் கண்ட ஐரோப்பிய மக்கள், அவை பொந்துகளில் உறங்குகின்றன என்றும், குளத்துச் சேற்றினுள் அமிழ்ந்து கிடக்கின்றன என்றும் நம்பினர். 1822ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே கொல்லப்பட்ட ஒரு நாரையின் கழுத்தில் ஆபிரிக்க நாட்டு அம்பொன்று தைத்திருக்கக் காணப்பட்டது. அப்பறவை ஆபிரிக்காவரை சென்று மீண்டது என்பதற்கு அவ்வம்பே சான்றாயிற்று. 1899ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு ஆசிரியரான மோட்டென்சன் என்பவர், இலக்கம் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் கால்களில் அணிவித்துப் பறக்கவிட்டார். அம்முறையே இன்றுவரை உலகெங்கும் கையாளப்படுகிறது. இப்போது செய்மதியுடன் தொடர்புகொள்ளும் சிறு கருவிகளும் பொருத்தப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் இத்தகைய கருவி தாங்கிய கரைப்பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றர் தூரத்தை எங்கும் இறங்காது 11 நாள்களிற் பறந்து கடந்தது பதிவாகியுள்ளது.

பறவைகள் ஏன் இடம் பெயர்கின்றன

குளிருக்கு அஞ்சியே பறவைகள் தெற்கே வருகின்றன என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே. இறகுப் போர்வை உடைய பறவை, வயிறு நிறையுமாயிற் கடுங்குளிரையும் தாங்கும். ஆனால் வடநாடுகளிற் பனி மூடியதும் பூச்சிகள் மறைகின்றன. நிலம் உறைந்து மண்புழுக்கள் எட்டாதனவாகின்றன. பகலும் குறுகி இரை தேடும் நேரமும் சுருங்குகிறது. எனவே உணவின்மையே முதற் காரணமாகும்.

அவ்வாறாயின் உணவு நிறைந்த இலங்கையிலேயே அவை ஏன் தங்கிவிடவில்லை? அதற்கும் விடை உணவிலேயே உள்ளது. குஞ்சுகளை வளர்க்கப் பெருந்தொகையான பூச்சிகள் வேண்டும். அவற்றைத் தேட நீண்ட பகலும் வேண்டும். தலவாக்கலையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவானது. காஷ்மீரிலோ குளிர்காலத்தில் 10 மணித்தியாலத்துக்குக் குறைந்த பகல், கோடையில் 14 மணித்தியாலத்துக்கு மேல் நீளுகிறது. அங்கு இளவேனிலிற் பூச்சிகள் திரளாகத் தோன்றுகின்றன. உண்பதற்குப் போட்டியும் குறைவு. ஆகவே குஞ்சு வளர்க்க வடக்கும், உயிர் பிழைக்கத் தெற்கும் ஏற்றனவாகின்றன. ஒரே நிலத்தில் இரு போகமும் விளையாதவிடத்து, இரு நிலங்களில் ஒவ்வொரு போகம் செய்யும் கமக்காரரின் முறையை இஃது ஒத்தது.

புறப்படும் வேளையைப் பறவைக்கு உணர்த்துவது எது? 1920களிற் கனடா நாட்டில் வில்லியம் ரோவன் என்னும் அறிஞர், கடுங்குளிர் காலத்திற் சில குருவிகளைத் திறந்த கூடுகளில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக விளக்கொளியை நீட்டி வந்தார். குளிர் குறையாதபோதும் அவற்றின் உடல் இளவேனிலுக்குரிய மாறுதல்களை அடைந்தது. பகலின் நீளமே பறவையின் நாட்காட்டி என்பது இதனால் விளங்கிற்று. அம்மாறுதல் தொடங்கியதும் பறவை மிகுதியாக உண்டு தோலின் கீழே கொழுப்பைச் சேர்க்கிறது. ஒரே நிறையுள்ள மாப்பொருளிலும் கொழுப்பு இருமடங்குக்கு மேற்பட்ட வலுவைத் தரவல்லது. நெடுங்கடல் கடக்கும் சிறு பறவைகளிற் சில, புறப்படுமுன் தம் நிறையை ஏறக்குறைய இருமடங்காக்கிக் கொள்கின்றன.

வழி அறியும் முறை

சிறு பறவைகளிற் பெரும்பாலன இரவிலே பறக்கின்றன. காற்றின் கொந்தளிப்பு அப்போது குறைவு. பருந்தினங்களின் அச்சமும் இல்லை. பகலில் இறங்கி இரை தேடவும் இயலும். பகலிற் சூரியனும், இரவில் விண்மீன்களும் திசை காட்டுகின்றன. இவ்விரண்டும் மறைந்தபோது பூமியின் காந்தப் புலத்தை உணரும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு என்பது 1960களில் ஜேர்மனியிற் செய்த சோதனைகளால் நிறுவப்பட்டது.

வழியில் ஒரு பகுதி பிறப்பிலேயே அமைந்தது. மற்றொரு பகுதி பழக்கத்தால் வருவது. ஒல்லாந்து நாட்டு அறிஞர் பெர்டெக், வலசை செல்லும் 11,000க்கு மேற்பட்ட மைனா இனப் பறவைகளைப் பிடித்துச் சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுசென்று விடுவித்தார். 1958ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, முதன்முறை பயணஞ் செய்த இளம் பறவைகள் பழைய திசையிலேயே பறந்து, தம் இனம் செல்லாத தென் பிரான்சையும் இசுப்பானியாவையும் அடைந்தன. முன்னர்ச் சென்று பழகிய முதிய பறவைகளோ பிழையை உணர்ந்து, திசை மாற்றித் தமக்குரிய இடத்தையே நாடின. ஒருமுறை வந்து பழகிய பறவை அதே இடத்தை மீண்டும் தேடி வருவதும் இதனாலேயே. ஆதலால், அவ்விடத்தை அழித்தால் அதற்குச் செல்ல வேறிடம் எளிதிற் கிடைப்பதில்லை.

இலங்கை ஒரு கடைசி நிலம்

மத்திய ஆசியாவிலிருந்தும் இமயமலைச் சாரலிலிருந்தும் தெற்கு நோக்கி வரும் பறவைகளின் பாதையில் இலங்கை இறுதியில் அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே தென்முனைக் கண்டம்வரை பெருநிலம் இல்லை. இந்தியாவின் மேற்குப் புறமாகவும், சோழமண்டலக் கரை வழியாகவும், அந்தமான் தீவுகளின் பக்கமாகவும் மூன்று பாதைகளிற் பறவைகள் இத்தீவை அடைகின்றன. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரேயாகும். ஆவணி, புரட்டாதி தொடங்கி வருவனவும் பங்குனி முதல் வைகாசிக்குள் மீள்வனவும் ஆகிய இப்பறவைகளின் இருப்புக் காலம், பெரும்போகத்தின் காலத்தோடு பெரும்பாலும் ஒத்திருக்கிறது.

மலைநாட்டில் அறியத்தக்க சில பறவைகள்

*சாம்பல் வாலாட்டி:* ஓடைக் கற்கள், வடிகால், மரக்கறிப் பாத்தி ஆகியவற்றிற் காணப்படும். சிறு பூச்சிகளும் அவற்றின் புழுக்களும் இதன் இரை.

*தகைவிலான்:* பிளவுண்ட வாலுடையது. வயலின் மீதும் நீர்ப்பரப்பின் மீதும் தாழப் பறந்து, பறக்கும் பூச்சிகளை வாயாற் பிடிக்கும். தந்திக் கம்பிகளில் நிரையாக அமரும். 2012இல் இயங்கத் தொடங்கிய மேற் கொத்மலை நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பும் இத்தகைய பறவைகள் இரை தேடுதற்கு ஏற்ற இடமாகும்.

*பழுப்புக் கீச்சான்:* வேலித் தடியிலோ தேயிலைச் செடியின் உச்சியிலோ தனித்து அமர்ந்து, வெட்டுக்கிளி, சில்வண்டு, வண்டு முதலியவற்றின் மீது பாயும். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு காவல் செய்யும்.

*ஊசிவால் உள்ளான்:* சைபீரியாவிற் குஞ்சு பொரித்து, ஈர வயல்களுக்கு வருவது. நீண்ட அலகைச் சேற்றில் நுழைத்துப் புழுக்களை எடுக்கும். நெல்லை உண்பதற்காக வருவதன்று.

*ஆறுமணிக் குருவி:* பல வண்ணங்கள் உடையது. நிலத்திற் சருகுகளைப் புரட்டி இரை தேடுவது. காலையிலும் மாலையிலும் குரல் கொடுப்பது. ஐப்பசி அளவிற் களைத்து வந்து சேரும்போது வீடுகளினுள் விழுந்து கிடக்கக் காண்பதுண்டு.

*காஷ்மீர் ஈபிடிப்பான்:* இதுவே மலைநாட்டுக்கு மிகச் சிறப்பான விருந்தாளி. ஏறக்குறைய 10 கிராம் நிறையுள்ள இப்பறவையின் ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சளாயிருக்கும். அதைச் சூழக் கருங்கோடு காணப்படும். காஷ்மீரைச் சார்ந்த மலைக்காடுகளிலன்றி வேறெங்கும் இது கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தை இலங்கை மலைநாட்டிலும் தென்னிந்திய மேற்கு மலைகளிலும் கழிக்கிறது. ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் பறந்து ஐப்பசியில் வந்து, பங்குனி இறுதியில் மீள்கிறது. நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில் இதனைக் காண்பதற்கென்றே பிற நாட்டினரும் வருகின்றனர். உலகில் அழியும் நிலையை எதிர்நோக்கும் இனங்களுள் இதுவும் ஒன்று. தேயிலைத் தோட்டங்களின் ஓரத்து மரச்செறிவும் ஓடைக்கரைப் புதர்களும் இதற்குப் புகலிடமாகும்.

கமக்காரருக்கு நன்மை யாது

நெல்மணிகளைக் கொத்தும் தினைக்குருவிகளும் கிளிகளும் இந்நாட்டிலேயே ஆண்டு முழுவதும் வாழ்பவை. மலைநாட்டுக்கு வலசை வரும் சிறு பறவைகளிற் பெரும்பாலன பூச்சியுண்ணிகள். கோவா, லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியன பயிராகி நிற்கும் மாதங்களில், கூலி கேளாது காலை முதல் மாலைவரை உழைப்பவை இவை. எனினும் உள்ளதை மிகைப்படுத்தல் தகாது. பறவைகள் மட்டுமே பீடைகளை ஒழித்துவிடுவதில்லை. அவை உண்ணும் பூச்சிகளுள் நன்மை செய்வனவும் உண்டு. ஆயினும் பீடைகள் பெருகுமுன் அவற்றை அடக்கி வைக்கும் இயற்கைப் பகைவர் பலருள் இவையும் அடங்கும்.

அப்பகைவரை இழந்தால் என்ன நேரும் என்பதற்குத் தலவாக்கலையே பாடம் கற்பித்துள்ளது. தேயிலையின் இலைசுருட்டிப் புழு ஒருகாலத்திற் பெருஞ்சேதம் விளைத்தது. சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து பரப்பிற்று. அக்குளவி புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழித்தமையால் அப்பீடை பெரிதும் அடங்கியது. 1950களின் பிற்பகுதியிலே தேயிலைத் துளைவண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது, குளவிகளும் மடிந்தன; அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் தலையெடுத்தது. ஒரு பீடையைக் கொல்லத் தெளித்த மருந்து மற்றொரு பீடையின் காவலரைக் கொன்றது. பறவைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். நஞ்சுண்ட புழுவைத் தின்ற பறவை நேரே மடியாவிடினும், இரை குறைந்த இடத்திற் போதிய கொழுப்பைச் சேர்க்க மாட்டாது. கொழுப்பில்லாத பறவை பங்குனியிற் புறப்பட்டாலும் காஷ்மீரைச் சென்றடைவது அரிது.

மேலும், நானுஓயா, கொத்மலை ஓயா ஆகியவற்றிற் கலக்கும் நஞ்சு அங்கேயே நிற்பதன்று. அந்நீர் மகாவலியைச் சேர்ந்து, கீழே நெல் விளைப்போர் வாய்க்கால்களுக்கும் செல்கிறது. வாலாட்டி நடக்கும் ஓடையைத் தூயதாக வைத்தல், தாழ்நிலக் கமக்காரரின் வயலையும் காத்தலாகும்.

செய்யத்தக்கவை

1. பயிரை நாள்தோறும் பார்வையிட்டு, பீடை சேதம் விளைக்கும் அளவுக்குப் பெருகியபோது மட்டும், குறித்த மருந்தைக் குறித்த அளவிலே தெளித்தல் வேண்டும். கிழமை தவறாது தெளிக்கும் வழக்கம் வீண் செலவும் தீங்குமாகும்.

2. தெளிகருவியையும் மருந்துப் புட்டிகளையும் ஓடையிற் கழுவலாகாது. மிஞ்சிய மருந்தை வடிகாலில் ஊற்றலாகாது.

3. ஓடைக்கரை மரங்களையும் புதர்களையும் பாத்திக்கு இடம் வேண்டி அடியோடு அழிக்கலாகாது. இவை மண்ணரிப்பையும் தடுப்பன.

4. கவணாலும் கண்ணியாலும் பறவைகளைக் கொல்லுதல் கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டின் பெரும்பாலான பறவைகளுக்குக் காவல் அளிக்கிறது. சிறுவர்க்கு இதனைப் பெற்றோர் எடுத்துரைத்தல் நன்று.

5. பயிருக்கு மேல் வலை கட்டுவோர் அதனைத் தொய்யாது இழுத்துக் கட்டுதல் வேண்டும். காலையும் மாலையும் பார்வையிட்டு, சிக்கிய பறவைகளை விடுவித்தல் வேண்டும்.

6. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பனிமூட்ட இரவுகளில், தேவையற்ற வெளி விளக்குகளை அணைத்தல் நலம். ஒளியால் மயங்கிய பறவைகள் சுவரிலும் கண்ணாடியிலும் மோதுகின்றன. அவ்வாறு விழுந்த பறவையைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் எதையும் புகட்டாது, தெளிந்தபின் மரங்களின் அருகே விடுதல் வேண்டும்.

7. வாலாட்டி முதலில் தோன்றும் நாளையும் இறுதியிற் காணப்படும் நாளையும் விதைப்புக் குறிப்போடு ஆண்டுதோறும் எழுதி வைத்தல் நன்று. சில ஆண்டுகளில் அக்குறிப்பு, பருவங்களின் மாறுதலை அறியவும் உதவும்.

தேயிலைச் சரிவுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் இடையே ஓடும் சிறு ஓடையும் அதன் கரையில் நிற்கும் நாலைந்து மரங்களும் காண்போர்க்கு அற்பமாகத் தோன்றலாம். மூவாயிரம் கிலோமீற்றர் கடந்து வரும் பறவைக்கு அவையே ஆறு மாத வாழ்வாகும். அவற்றைப் பேணும் கமக்காரர் அடுத்த புரட்டாதியிலும் தம் பாத்தியில் வாலாட்டியைக் காண்பர்.