பாடம் போய்ச் சேர்ந்ததா?

பொருளியல் கற்பித்தலையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று இளம் விரிவுரையாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாக எடுங்கள் என்பேன். பணவீக்கத்தையும் வேளாண் கடனையும் ஆராய நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றை நாம் வகுப்பில் நடத்தும் விதம் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறதா என்று பார்க்கத்தான் ஆள் குறைவு. இந்த வேலையில் இப்போதுதான் இறங்குகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் சில விஷயங்கள் இருக்கின்றன.

1. ‘நான் எப்படி நடத்தினேன்’ என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். ‘அவர்களிடம் என்ன தங்கியது’ என்று கேளுங்கள். 1963-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். கல்லூரியில் ஓராண்டு பொருளியல் படித்தவர்களையும் அந்தப் பக்கமே போகாதவர்களையும் பட்டம் பெற்று ஐந்தாண்டு கழித்து ஒரே தேர்வில் உட்காரவைத்தால், இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். கையில் ஆதாரம் வைத்துக்கொண்டு சொன்னதல்ல, சோதித்துப் பாருங்கள் என்று விட்ட சவால். ஸ்டிக்லர் பின்னாளில், 1982-இல், நோபல் பரிசு பெற்றவர். அவர் சொன்னதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1968-இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களின் பொருளியல் புரிதலை அளக்கப் பொதுத் தேர்வுத் தாள் ஒன்று வந்தது. மறு ஆண்டே ‘ஜர்னல் ஆஃப் எகனாமிக் எஜுகேஷன்’ என்ற ஆய்விதழ் தொடங்கியது. இன்று நீங்கள் நுழையும் துறை அப்படி வளர்ந்ததுதான்.

அதனால் உங்கள் ஆய்வில் தாமதமாக வைக்கும் தேர்வு ஒன்றாவது இருக்கட்டும். செமஸ்டர் முடிந்த வாரத்தில் வைக்கும் தேர்வு மனப்பாடத்தை அளக்கும். கோடை விடுமுறை கழிந்து, அடுத்த ஆண்டின் முதல் வாரத்தில் அதே பிள்ளைகளிடம் அதே கருத்தை வேறு கேள்வியாகக் கேளுங்கள். அப்போது கிடைக்கும் எண்ணை நம்பலாம்.

2. அளவுகோலை முதலில் அளந்து பாருங்கள். 2005-இல் பால் ஃபெராரோ, லாரா டெய்லர் என்ற இருவர், அமெரிக்கப் பொருளியலாளர்களின் ஆண்டு மாநாட்டுக்கு வந்தவர்களிடம் வாய்ப்புச் செலவு பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். எரிக் கிளாப்டன் கச்சேரிக்கு உங்களுக்கு இலவசச் சீட்டு கிடைத்திருக்கிறது, அதை விற்க முடியாது. அதே இரவில் பாப் டிலன் கச்சேரியும் நடக்கிறது, அதற்குச் சீட்டு 40 டாலர். டிலனைக் கேட்க நீங்கள் 50 டாலர் வரை தரத் தயார். கிளாப்டனைக் கேட்கப் போனால் வாய்ப்புச் செலவு எவ்வளவு? 0, 10, 40, 50 என்று நான்கு விடைகள். 50 டாலர் மதிப்புள்ள இன்பத்தை இழக்கிறோம், 40 டாலர் மிச்சமாகிறது, ஆகவே 10 என்பதே அவர்கள் எதிர்பார்த்த விடை. பதில் சொன்ன 199 பேரில் அதைத் தேர்ந்தவர்கள் 21.6 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் 25 சதவீதம் வந்திருக்கும்.

பொருளியலாளர்களுக்கே பொருளியல் தெரியவில்லை என்று பலர் இதைப் பரப்பினார்கள். 2012-இல் ஜோயல் பாட்டர், ஷேன் சாண்டர்ஸ் இருவரும் வேறொரு பக்கத்தைக் காட்டினார்கள். வாய்ப்புச் செலவுக்கு நூல்கள் தரும் வரையறைகளே ஒன்றுபோல இல்லை. எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து மற்ற விடைகளுக்கும் நியாயம் சொல்லலாம். இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வாசியுங்கள். நம் வினாத்தாள்களில் இப்படிப்பட்ட கேள்விகள் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று அப்போது தோன்றும். கேள்வியை வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் நாலைந்து மாணவர்களைத் தனியே உட்காரவைத்து, ‘இந்த விடையை ஏன் போட்டாய்’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தப்பான காரணத்தால் சரியான விடைக்கு வருகிறவர்களை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

3. சக ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆசிரியர் பேசிய நேரம், மாணவர் பேசிய நேரம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வில்லியம் பெக்கரும் மைக்கேல் வாட்ஸும் தொடங்கி, 1995 முதல் 2010 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமெரிக்கக் கல்லூரிகளில் நடந்த கணக்கெடுப்புகளில், வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை விரிவுரையே எடுத்துக்கொண்டது. நம் ஊர் நிலவரம் உங்கள் நோட்டில் பதிவாகட்டும்.

4. ஒப்பிட ஆள் இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள். ‘புதிய முறையில் நடத்தினேன், மதிப்பெண் கூடியது’ என்று முடியும் ஆய்வேடுகள் என் மேசையில் நிறையக் கிடந்ததுண்டு. எதைவிடக் கூடியது? அந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகள் கெட்டிக்காரர்களா? வினாத்தாள் எளிதாக வந்துவிட்டதா?

இரண்டு செக்‌ஷன் இருக்கிறதே, ஒன்றில் புதுமுறை, ஒன்றில் பழையமுறை என்று பிரிக்கலாமே என்று தோன்றும். பிரிக்குமுன் அந்த இரண்டு செக்‌ஷனும் எப்படி உருவாயின என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் வரிசையில் சேர்க்கை நடந்து, முதல் 60 பேர் ‘ஏ’, மிச்சம் ‘பி’ என்று போயிருந்தால் உங்கள் ஒப்பீடு தொடங்கும்போதே சாய்ந்துவிட்டது. முடிந்தால் குலுக்கிப் பிரியுங்கள். முடியாவிட்டால் முன்தேர்வு வைத்து, எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

வராதவர்களையும் கணக்கில் வையுங்கள். டேவிட் ரோமர் 1993-இல் எழுதிய கட்டுரையில், தரமான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் வகுப்புகளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாணவர் வரவில்லை என்று காட்டினார். நம் பிள்ளைகள் பலர் கேட்டரிங் வேலைக்குப் போய்க் கட்டணம் கட்டுகிறவர்கள். முகூர்த்த நாளில் பின்தேர்வு வைத்தால் அவர்கள் அத்தனை பேரும் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் வசதி உள்ளவர்களின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் முறையைப் புகழ்வீர்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேர்வுத் தேதி குறியுங்கள். இதை முழு மனதோடு சொல்கிறேன்.

5. மாணவர் தரும் மதிப்பீட்டுப் படிவம் தேவைதான், ஆனால் அது கற்றலை அளக்காது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களை ஆசிரியர்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்குவார்கள், பாடத்திட்டமும் தேர்வும் எல்லோருக்கும் ஒன்று. அங்கே கிடைத்த தரவுகளை வைத்து ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்டும் 2010-இல் எழுதிய முடிவு என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது. நுண்கணித முதல் பாடத்தில் எந்த ஆசிரியர்களிடம் மதிப்பெண் கூடியதோ அவர்களையே மாணவர்கள் மெச்சினார்கள். அதே மாணவர்கள் அதைத் தொடர்ந்து வந்த மேல்பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்கு முதலில் மதிப்பெண் குறைந்தது, பின்னால் கைகொடுத்தது. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. தாங்களே கணக்குப் போட்டுப் போராடிய மாணவர்கள் அதிகம் கற்றார்கள். ஆனால் தெளிவான விரிவுரை கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். ‘நாக்’ தர மதிப்பீட்டுக்கென்று அடுக்கிவைக்கும் படிவங்களை ஆய்வின் முதுகெலும்பாக்கிவிடாதீர்கள்.

6. சந்தையை வகுப்புக்குள் நடத்திப் பாருங்கள். 1940-களில் ஹார்வர்டில் எட்வர்டு சேம்பர்லின் மாணவர்களை வாங்குபவர், விற்பவர் என்று பிரித்து வகுப்பில் பேரம் பேசவைத்தார். விலை சமநிலைக்கு வரவில்லை என்று 1948-இல் எழுதினார். பின்னாளில் அவருடைய வகுப்பில் இப்படிப் பங்கெடுத்த மாணவர்களில் ஒருவர் வெர்னன் ஸ்மித். அவர் ஆசிரியராகி, 1956-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அதே சோதனையை இரண்டு மாற்றங்களோடு செய்தார். கேட்கிற விலையையும் கொடுக்கிற விலையையும் எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். சந்தை ஒரு தடவையோடு முடியாமல் பல சுற்றுகள் நடக்க வேண்டும். விலை சமநிலையை நோக்கி நகர்ந்தது. அங்கே தொடங்கிய பாதை அவருக்கு 2002-இல் நோபல் பரிசு வரை போனது.

இதற்குக் கணினி வேண்டாம், கார்டு போதும். பாதிப் பேருக்கு ‘இந்த விலைக்கு மேல் வாங்காதே’ என்றும் மீதிப் பேருக்கு ‘இதற்குக் கீழே விற்காதே’ என்றும் எண்களை எழுதிக் கொடுங்கள். ஒருவர் கார்டை ஒருவர் பார்க்கக் கூடாது. கூவி விற்கட்டும். முடிந்த பேரம் ஒவ்வொன்றையும் ஒரு மாணவி கரும்பலகையில் எழுதட்டும். சில சுற்றுகளில் விலைகள் நெருங்கி வருவதைக் கண்ணால் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு செய்வதுதான் பாடம். கார்டுகளைத் திரும்ப வாங்கி வரிசைப்படுத்தி, தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் அவர்களையே வரையச் சொல்லுங்கள். இரண்டும் வெட்டும் இடமும் பலகையில் உள்ள விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் படம் வெறும் பெருக்கல் குறி இல்லை. இந்தக் கடைசி அரை மணி நேரத்துக்கு முன்னால் மணி அடித்துவிட்டால் விளையாட்டு மட்டுமே மிஞ்சும்.

பயன் உண்டா? டிஷா எமர்சனும் பெக் டெய்லரும் 2004-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வகுப்புச் சோதனைகளோடு படித்த பிரிவினர் பொதுத் தேர்வில் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். தமிழ் வழி வகுப்பில் 60 பேரை வைத்து இது எப்படி நடக்கும் என்பதை எழுத வேண்டியது நீங்கள்.

7. ஊரைப் பாடமாக்குங்கள். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ‘இந்தியப் பொருளியல்’ பாடத்தின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மறு ஆண்டே மாணவர்களின் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று அவர்கள் விசாரித்து எழுதியவை 1918-இல் நூலாயின. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தின் வடமலைபுரம் ஆகியவை இன்றும் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்று பெயர் சொல்லப்படுகின்றன. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தினார்கள். அதன்பின் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் திரும்பப் போனார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் வகுப்பு வேலை ஒரு நூற்றாண்டின் கிராம வரலாற்றுக்கு அடித்தளம் போட்டது. இந்த மரபு நம்முடையது. அதைக் கைவிட்டு கொஸ்டின் பேங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் வாழ்க்கையில் தெரிந்தது தானாக வகுப்புக்கு வந்து சேரும் என்று நம்பிவிடாதீர்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்கள் சிக்கலான விற்பனைக் கணக்கை மனதிலேயே போட்டார்கள். அதே வகைக் கணக்கைப் பள்ளிப் பாணியில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். நம் துறையிலும் இதைச் சோதிக்கலாம். ஏலச்சீட்டை இந்த மாதமே தள்ளி எடுப்பதா, கடைசி மாதம் வரை பொறுப்பதா என்று அம்மாவோடு உட்கார்ந்து யோசிக்கிற பெண், வட்டிக் கோட்பாட்டில் இன்றைய பணத்துக்கும் நாளைய பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதத் தெரியாமல் விழிக்கிறாள். ஒரே கருத்தை ஒருமுறை சீட்டுக் கேள்வியாகவும் ஒருமுறை பாடநூல் கேள்வியாகவும் கேட்டு, எந்தப் பிள்ளை எங்கே நின்றுவிடுகிறது, இரண்டையும் இணைக்க எந்த வகை விளக்கம் உதவுகிறது என்று பாருங்கள். நல்ல பிஎச்.டி. ஒன்று இங்கே காத்திருக்கிறது.

8. மாணவரின் இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கிறது. ‘ஆய்வுக்கு வருகிறாயா’ என்று நீங்கள் கேட்டால் ‘மாட்டேன்’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. வேறொருவர் போய்க் கேட்கட்டும். யார் சம்மதித்தார்கள் என்பது மதிப்பெண் போட்டு முடியும்வரை உங்களுக்குத் தெரியக் கூடாது.

9. பிற நாட்டின் கேள்வியை அப்படியே இறக்கிக்கொள்ளாதீர்கள். பொருளியலுக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்பது அமெரிக்காவில் பெரிய ஆய்வுக் களம். ஒரு பல்கலைக்கழகத்தில், துறையில் சாதித்த முன்னாள் மாணவியர் வகுப்புக்கு வந்து சிறிது நேரம் பேசியதாலேயே மேல்பாடத்துக்கு வரும் பெண்கள் கூடியதாக கேத்தரின் போர்ட்டரும் டானிலா செர்ராவும் 2020-இல் காட்டினார்கள். முறை அருமையானது, எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியை மாற்றுங்கள். இங்கே பி.காம். கிடைக்காமல் பி.ஏ. பொருளியலில் வந்து உட்கார்ந்தவர்கள் வகுப்பில் கணிசம். அவர்கள் முன்னால் உங்கள் துறையின் முன்னாள் மாணவி ஒருவர் வந்து நின்று பேசினால் என்ன ஆகிறது?

10. பலன் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். டேவிட் ஃபிக்லியோ குழுவினர் 2013-இல், நுண்ணினப் பொருளியல் மாணவர்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு சாராரை நேர்வகுப்பிலும் மறுசாராரை அதே விரிவுரைகளின் காணொளியிலும் படிக்கவைத்தார்கள். மொத்தத்தில் வித்தியாசம் சிறியது, நேர்வகுப்புக்குச் சாதகம். முன்பே மதிப்பெண் குறைவாக இருந்த மாணவர்களிடம் அது பெரிதாகத் தெரிந்தது. காணொளியால் எல்லாம் மாறிவிடும் என்று ஊரே பேசிய காலத்தில் வந்த நிதானமான முடிவு அது. கைடுக்குப் பிடிக்கும் என்று எண்ணைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். உங்கள் முறை தோற்ற இடம் எது என்று தெரிந்தால் அடுத்த கல்லூரியில் 60 பிள்ளைகளின் ஒரு செமஸ்டர் வீணாகாது.

11. ஒரே ஒரு கருத்தில் தொடங்குங்கள். நெகிழ்ச்சியோ வாய்ப்புச் செலவோ, ஏதோ ஒன்று. பத்துக் கேள்வி கொண்ட முன்தேர்வுத் தாளை இந்தக் கோடையிலேயே எழுதி, நான்கு மாணவர்களிடம் வாய்விட்டுச் சொல்லவைத்துத் திருத்திவிடுங்கள். ஜூனில் கல்லூரி திறந்ததும், முதல் யூனிட்டைத் தொடுவதற்கு முன்னால் அதைக் கொடுத்துவிடலாம்.