இரும்புக் குதிரில் சுவர் தாங்கும் பாரம்

2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு நிரம்பிய தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சேமித்த பொருள் சுவரைத் தள்ளும் என்பதே இதன் பாடம். நெல் சேமிக்கும் இரும்புக் குதிருக்கும் இது பொருந்தும்.

ஆனால் கணக்கு வேறு. தண்ணீரும் சேறும் ஆழத்துக்கு ஏற்ப மேலும் மேலும் அழுத்தும். நெல்லோ சுவரோடு உராய்ந்து, தன் பாரத்தில் ஒரு பங்கைச் சுவர்மீது ஏற்றிவிடும். இக்கணக்கை ஜெர்மன் பொறியாளர் ஜான்சன் 1895-ல் வெளியிட்டார்.

ஒரு மீட்டர் குறுக்களவும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள குதிர் சுமார் 900 கிலோ நெல் கொள்ளும். அதில் ஏறக்குறைய பாதியைச் சுவரே சுமக்கிறது. ஆகவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. நசுங்கிய, துருப்பிடித்த தகடு பாரம் தாங்காமல் மடங்கும். நெல் கொட்டுமுன் சரிசெய்ய வேண்டும்.

2. நெல்லை 12 சதவீத ஈரத்துக்குக் காயவைக்க வேண்டும். குதிருக்குள் ஈரம் புகுந்தால் நெல் ஊதிச் சுவரைப் பிதுக்கும்.

3. குதிரைச் சமமான, கெட்டியான மேடையில் நிறுத்த வேண்டும். சாய்ந்தால் ஒரு பக்கச் சுவரே பாரத்தை ஏற்கும்.

4. உயரமான குதிரில் நடு அடியிலிருந்தே நெல்லை இறக்க வேண்டும். ஓரமாக இறக்கினால் அழுத்தம் ஏறுமாறாகிச் சுவர் நெளியும்.

5. நெல் இறங்கும்போது எவரும் குதிருக்குள் இறங்கக்கூடாது. நெல் ஆளை உள்ளே இழுத்துவிடும்.